பள்ளி வாசலில் ஒரு மஞ்சள் மகிழுந்து



நெடுநாளாக எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிய ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். எங்கள் பள்ளி ஈப்போவிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில், முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட ஓரிடத்தில் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை நூறுக்கும் கீழே. அரசாங்கக் கணக்கில் 'குறைந்த மாணவர் பள்ளி'. ஆசிரியர்களாகிய நாங்கள் பதினான்கு பேர். காலை ஏழு மணிக்கு வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்தால் மைவி, சாகா, பெசா, மீண்டும் மைவி என்று வரிசையாக நிற்கும். ஒன்றிற்கும் மற்றொன்றிற்கும் நிறத்தில்தான் வேறுபாடு.

ஒரு திங்கட்கிழமை அந்த வரிசையின் கடைசியில் மஞ்சள் நிறப் போர்ஷே ஒன்று வந்து நின்றது. இரண்டே கதவுகள், இரண்டே இருக்கைகள். முழங்கால் உயரத்தில் ஒரு மகிழுந்து. (நான் மகிழுந்து என்று எழுதுகிறேன். வீட்டில் வாய் திறந்தால் 'காடி' என்றுதான் வரும்.) அதிலிருந்து இறங்கியவர் எங்கள் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் இளைய ஆசிரியர். முதல்நாள் வரை அவரும் பழைய சாகாவில் வந்தவர்தாம்.

முதல் நாள் திருவிழாவாக இருந்தது. ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டோம். நானும் எடுத்தேன். தலைமையாசிரியர், "இனிமேல் என் இடத்தை உங்களுக்கு விட்டுவிட வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டாம் நாள் விலை பேசப்பட்டது. ஈப்போவில் ஒரு மாடி வரிசை வீடு வாங்கும் பணம் என்று ஒருவர் கணக்குச் சொன்னார். பழைய வண்டிதான், ஜப்பானிலிருந்து தருவித்தது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வெளிநாட்டு வண்டி நம் நாட்டில் விலை கூடியதற்கு வண்டி மட்டும் காரணமன்று. 1985இல் புரோட்டோன் சாகா வந்த நாளிலிருந்து உள்நாட்டு வண்டியைக் காப்பதற்காக வெளிநாட்டு வண்டியின்மேல் வரி ஏற்றப்பட்டு வந்திருக்கிறது. கலால் வரி மட்டுமே 60 விழுக்காடு முதல் 105 விழுக்காடு வரை போகும். அதே வண்டியை வாங்குகின்ற ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் இவ்வளவு பேச்சுக்கு ஆளாகியிருக்க மாட்டார்.

மூன்றாம் நாளிலிருந்து கேள்வி மாறிவிட்டது. "எவ்வளவு?" என்பது போய், "எப்படி?" என்பது வந்தது. மாமனார் வீட்டுப் பணம் என்றார் ஒருவர். நம்பர் அடித்திருக்கும் என்றார் இன்னொருவர். நேரடி விற்பனையில் நுழைந்துவிட்டார், கூடிய விரைவில் நம்மிடமும் சத்துமாவு விற்க வருவார் என்று மூன்றாமவர் எச்சரித்தார். "பிரத்தியேக வகுப்பு நடத்தாமல் இந்தச் சம்பளத்தில் இது முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். சிற்றுண்டிச்சாலையில் அனைவரும் சிரித்தார்கள். அந்த ஒருவர் நான்தான். இதற்குப் பிறகு வருவேன்.

அவருடைய அன்றாடமும் மெல்ல மாறியது. பொங்கல் விழாவுக்கு ஆளுக்கு ஐம்பது வெள்ளி என்று முடிவாயிற்று. அவரிடம் மட்டும் "உங்களுக்கு ஐந்நூறு பெரிதா?" என்றார்கள். அவரும் கொடுத்தார். கொடுத்தது பெருமைக்கு என்று அதற்கும் ஒரு பேச்சு எழுந்தது. சனிக்கிழமைப் புறப்பாட நடவடிக்கைக்கு ஆள் தேவைப்பட்டால், "உங்கள் வண்டிதான் பறந்து வந்துவிடுமே" என்று அவர் பெயரை எழுதினார்கள். காய்ச்சலில் ஒருநாள் விடுப்பு எடுத்தபோது, "அவருக்கென்ன, வேலையே இல்லாவிட்டாலும் வாழலாம்" என்றார்கள். சாகாவில் வந்த காலத்தில் அவர் விடுப்பு எடுத்தால் யாராவது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்புவோம்.

அன்பர்களே, பணம் எப்படி வந்தது என்று நீங்களும் இந்நேரம் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். பின்னொருநாள் அவரே சொன்னார். ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அந்த விளக்கத்தை ஆசிரியர் அறைக்குத் தரும் கடமை அவருக்கு இருந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படி ஒரு கடமை அவருக்குக் கிடையாது என்பதே என் கருத்து.

கடமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாம் அரசாங்க ஊழியர்கள். பொது அதிகாரிகளின் நடத்தை, கட்டொழுங்கு பற்றிய 1993ஆம் ஆண்டு விதிமுறைகள் நம் அனைவரையும் கட்டுப்படுத்துகின்றன. சொத்து வாங்கினால் அறிவிக்க வேண்டும். வீடு, நிலம் மட்டுமல்ல, மகிழுந்தும் அதில் அடங்கும். சம்பளத்தையும் சட்டப்படி வருகின்ற பிற வருமானத்தையும் மீறிய வாழ்க்கை ஒருவர் வாழ்வதாகத் தெரிந்தால், துறைத்தலைவர் எழுத்து வழியாக விளக்கம் கேட்பார். குறித்த காலத்திற்குள் எழுத்து வழியாகவே விடை தர வேண்டும். நல்ல விதி. சபாவில் 2016ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையம் உயர் அதிகாரிகளிடம் கட்டுக்கட்டாக ரொக்கப் பணத்தையும் ஆடம்பர மகிழுந்துகளையும் கைப்பற்றிய படங்களைப் பார்த்தவர்கள் அந்த விதி வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்த விதியில் கேட்பவர் யார், எப்படிக் கேட்பது, யாருக்கு விடை தருவது என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் தம் பெயரிட்டுக் கையொப்பமிட்டுக் கேட்கிறார். கேட்கப்பட்டவர் விடை தருவதற்கு வாய்ப்புப் பெறுகிறார். சிற்றுண்டிச்சாலையில் இந்த இரண்டும் இல்லை. எங்கள் இளைய ஆசிரியர் வண்டி பதிவான வாரத்திலேயே முறைப்படி அறிவித்துவிட்டார். அது தலைமையாசிரியருக்குத் தெரியும். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

கடன் கதை வேறு இருக்கிறது. எங்கள் பதின்மூன்று மைவிக்காரர்களின் சம்பளச் சீட்டை யாராவது வரிசையாக ஒட்டிவைத்தால் என்ன தெரியும்? ஒன்பது ஆண்டு வண்டிக் கடன். வீட்டுக் கடன். அதற்குமேல் கூட்டுறவுக் கடன், தனிநபர் கடன். அங்காசா வழியாக மாதா மாதம் பிடித்தம். சம்பளத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று ஒரு வரம்பு வைக்க வேண்டிய அளவுக்குப் பிடித்தம். திருமணத்திற்குக் கடன், சடங்கிற்குக் கடன், சமையலறையை இடித்துக் கட்டுவதற்குக் கடன். பத்துப் பவுன் சங்கிலி அணிந்து வருகின்ற ஆசிரியையை, "எப்படி வாங்கினீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. தங்கத்தின் இன்றைய விலையில் அதுவும் ஒரு சிறிய மகிழுந்துதான். தங்கம் சத்தம் போடாது. அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் விளையாட்டுப் போட்டிக்கு ஒரு குத்தகையாளர் வந்தார். பெரிய வெள்ளை வண்டி. வாசலிலேயே மாலை, முன்வரிசை நாற்காலி, பன்னீர்ச் செம்பு எல்லாம் காத்திருந்தன. அவருடைய பணம் எப்படி வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெளியாரின் செல்வத்தை வணங்கத் தெரிந்த நமக்கு, பக்கத்து மேசைக்காரரின் செல்வத்தைப் பார்க்கத் தெரியவில்லை. ஏன் என்று பல இரவுகள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த விடை தோட்டத்தில் இருக்கிறது.

என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இப்போது என்னோடு ஈப்போவில் இருக்கிறார். ஒருநாள் என் வண்டி பழுதானதால் அந்த இளைய ஆசிரியர் என்னை வீட்டில் இறக்கிவிட்டார். (சேலை கட்டிக்கொண்டு அந்த வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் தனிக்கலை. எனக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.) தந்தையார் வாசலுக்கு வந்தார். பளபளக்கும் மேல்தகட்டை அவர் தொடவில்லை. குனிந்து சக்கரத்தின் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நல்ல ரப்பரு" என்றார். பிறகு, "இது நம்ம பாலா இருக்காது, தம்பி. இப்ப எல்லாம் சயாம்காரன் பாலுதான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். உலகிலேயே மிகுதியாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு என்ற இடத்தை மலேசியா 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இழந்துவிட்டது. தாய்லாந்து முந்திக்கொண்டது. ஆனால் தொடக்கம் இங்கேதான். 1877ஆம் ஆண்டில் நம் பேராவின் கோல கங்சாரில் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்றை மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் காத்து வருகிறார்கள். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது அதைக் காட்டுவது என் வழக்கம். 1888இல் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்குக் காற்றடைத்த சக்கரம் செய்தார். 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வந்தது. 1910இல் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. காடுகள் நிரை நிரையாகப் பால்மரங்கள் ஆயின. அந்த நிரைகளில் நிற்பதற்குக் கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். உலகம் மகிழுந்து ஓட்டத் தொடங்கியதால்தான் நம் பாட்டனார்கள் கப்பல் ஏறினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் தோட்டத்திற்குள் மகிழுந்து யாருடையது? பெரிய துரையுடையது. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் நெற்றி விளக்கோடும் காண்டா வாளியோடும் நின்ற கூட்டத்திற்கு, மகிழுந்து என்பது ஏறிப்போகும் பொருளன்று. ஒதுங்கி நிற்க வேண்டிய பொருள். மிதிவண்டிக்கும் அதே நிலைதான். தொழிலாளி ஒருவர் மிதிவண்டியில் போகும்போது எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நின்று வழிவிட வேண்டும் என்பது பல தோட்டங்களின் எழுதாத சட்டம். என் பாட்டனார் அப்படி இறங்கியதைத் தந்தையார் சிறுவனாகப் பின்னால் அமர்ந்து பார்த்திருக்கிறார். "எதுக்கு எறங்குனீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. வீடு வந்து சேர்ற வரைக்கும் வண்டிய தள்ளிக்கிட்டேதான் வந்தாரு" என்பார்.

இது சின்னச் செய்தி என்று நினைப்பவர்கள் 1941ஆம் ஆண்டைப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர்.எச்.நாதன். அவர் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். படை இறங்கியது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த மக்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி உண்டு. கள்ளுக்கடைகளை மூடுதல் உண்டு. பெண்களிடம் வரம்பு மீறுவதை நிறுத்த வேண்டும் என்பது உண்டு. அவற்றோடு சேர்த்து, அதிகாரிகளைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. கூலிக்குச் சமமாக அதையும் எழுதி வைத்தார்கள். இறங்கி நிற்பது எவ்வளவு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோட்டம் நமக்குக் கற்றுக்கொடுத்ததில் நல்லவை பல. பகிர்ந்து உண்பது, ஒரு வீட்டுத் துக்கத்திற்கு லயமே கூடுவது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பேராவின் மைந்தர் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தவர்கள் நம் பெற்றோர்கள். எல்லோரும் சேர்ந்து உயர்வது நமக்குப் புரிகிறது. ஒருவர் மட்டும் உயர்ந்து தெரிந்தால், அவர் துரை பக்கம் போய்விட்டார் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. துரை இல்லை, கிராணி இல்லை. ஆனால் இறங்கு என்று சொல்வதற்கு நாமே இருக்கிறோம்.

எதிர்வாதம் இருக்கிறது. என் தோழியர் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னேன்: காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடுகின்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு இப்படி ஒரு வண்டியில் வருவது சரியா? இதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆசிரியர் எளிமையாக இருப்பதில் ஓர் அழகு இருக்கிறது. என் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஹோண்டா கப்பில் வருவார், இன்னும் என் கண்ணில் நிற்கிறார். ஆனால் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தேன். அவர்கள் ஏங்கவில்லை. விதவிதமாகக் கேள்வி கேட்டார்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், வழக்கமாக வாய்ப்பாடு என்றால் வயிற்றுவலி வருகின்றவன், "சார், மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போனா கோலாலம்பூருக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்டான். சார் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு, நெடுஞ்சாலையின் உச்ச வேகம் 110 என்றும் சொல்லி, அதற்கும் ஒரு கணக்குப் போட வைத்தார். அன்று அந்த வகுப்பைக் கடந்து போனபோது சிறிது நேரம் நின்று கேட்டேன். நன்றாக இருந்தது. பேரப்பிள்ளையை அழைத்துப் போக வருகின்ற பாட்டி ஒருவர், "நம்ம வாத்தியாரு காடியா டீச்சர் இது?" என்று இரண்டு முறை கேட்டார். 'நம்ம' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் வராத சொல் அது.

இப்போது அந்தக் கடிதம். எட்டு மாதங்களுக்கு முன் மேலிடத்திற்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. ஆசிரியர் ஒருவர் அனுமதியின்றிப் பிரத்தியேக வகுப்பு நடத்தி ஆடம்பர வண்டி வாங்கியிருக்கிறார், பள்ளி வேலையில் கருத்தில்லை என்று. இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பாடத்திட்டக் குறிப்பேடு, வருகைப் பதிவு, மாணவர் பயிற்சி நூல்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். சொத்து அறிவிப்பைச் சரிபார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தை முழுவதும் படித்தார். "பிரத்தியேக வகுப்பு நடத்தாமல் இந்தச் சம்பளத்தில் இது முடியுமா?" என்ற வரி அதில் அப்படியே இருந்தது.

கடிதத்தை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் நான் கேட்டேன். "நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன்" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் பள்ளிக்கு வந்து போனவர்கள். இப்போது தனித்தனியாக வருகிறோம்.

இளைய ஆசிரியரிடம் தனியாகப் போய், அந்த வரி என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் டீச்சர், அன்னைக்கு நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். பணம் வந்த கதையை அப்போதுதான் சொன்னார். கேட்டு முடித்தபோது, அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

அதிகாரிகள் வந்துபோன மறுவாரத்திலிருந்து அவர் ஒரு வெள்ளை மைவியில் வருகிறார். வரிசையின் நடுவில் நிறுத்துகிறார். எது அவருடையது என்று சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர் அறையில் அவரைப் பற்றிய பேச்சு அடியோடு நின்றுவிட்டது. அவரோடு பேசுவதும் குறைந்துவிட்டது. வரும் ஆண்டுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார் என்று அறிகிறேன்.

சென்ற வாரம் சபைக்கூடல் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் அந்த நான்காம் ஆண்டு மாணவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சர், சாரோட மஞ்சக் காடி எங்க?"

பட்டறைக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன்.

"எப்ப வரும்?"

சபைக்கூடலுக்குப் பின் வரிசை கலையக்கூடாது, வகுப்புக்குப் போ என்றேன்.